முட்டைக்கோஸா, ஆந்தையா? ஸ்காட்லாந்தின் கடற்கழிக் கரையில் ஒரு மடம்

எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வி. உலகமே வேண்டாம் என்று காட்டுக்குள் போன துறவிகள் தங்கள் சபைக்கு என்ன பெயர் வைத்துக்கொள்வார்கள்? ஒரு புனிதரின் பெயர், தேவமாதாவின் பெயர், ஒன்றுமில்லை என்றால் ஒரு மலையின் பெயர், இல்லையா? இவர்களுக்கு வாய்த்த பெயர் முட்டைக்கோஸ் பள்ளத்தாக்கு. நான் கிண்டல் செய்யவில்லை, ஐந்து நிமிடம் கூட இருங்கள், முழுதாகச் சொல்கிறேன்.

[திரையில்: ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை வரைபடம்]

இடம் ஆர்ட்சாட்டன். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஓபன் என்ற ஊருக்குக் கொஞ்சம் வடக்கே, லாக் எட்டிவ் கரையில் இருக்கிறது. லாக் என்றதும் ஏரி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஏரிக்கும் லாக்தான், நிலத்துக்குள் நுழைந்து நீண்டு கிடக்கும் கடலுக்கும் லாக்தான். இது இரண்டாவது வகை. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைகளுக்கு நடுவே வளைந்து போகும் உப்புத் தண்ணீர். மடம் வடகரையில். எதிர்ப்பக்கம் தென்கிழக்கில் 1,126 மீட்டர் உயரத்துக்கு க்ரூஹன் மலை நிற்கிறது.

வரலாறு வேகமாக: 1230 அல்லது 1231. கட்டியவர் லார்ன் பகுதியின் தலைவர் டங்கன் மக்டூகல். மேற்குத் தீவுகளைக் கப்பல் பலத்தால் ஆண்ட சோமர்லெட்டின் பேரன். அவ்வளவுதான், இப்போது முட்டைக்கோஸுக்கு வருவோம், எனக்கு அங்கே போகத்தான் அவசரம்.

பிரான்சின் பர்கண்டியில் 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் வியார் என்று ஒரு சகோதரர் இருந்தார். கார்த்தூசியன் மடத்தில் இருந்தவர். கார்த்தூசியன்கள் யார் தெரியுமா, பேச்சே கிடையாது, ஆளுக்கு ஒரு தனி அறை, அப்படி ஒரு கூட்டம். அந்தத் தனிமையும் போதவில்லை என்று இவர் காட்டுக்குள் போனார்! அவரைச் சுற்றிச் சிலர் சேர்ந்தார்கள், பர்கண்டிப் பிரபு ஆதரித்தார், 1205 வாக்கில் போப் மூன்றாம் இன்னொசென்ட் ஒப்புதலும் கொடுத்துவிட்டார். காட்டில் அவர்கள் குடியேறிய அந்தப் பள்ளத்தாக்குக்குப் பெயர் வால் தே ஷூ. பிரெஞ்சில் ஷூ என்றால் முட்டைக்கோஸ். லத்தீனில் வல்லிஸ் கௌலியம். கௌலிஸ் என்றாலும் கோஸ்தான், காலிஃபிளவரில் வரும் அந்தக் 'காலி' இந்தச் சொல்லின் பிள்ளைதான். ஆக சபையின் பெயர் வல்லிஸ்காலியன், அதாவது கோஸ் பள்ளத்தாக்கார்கள்.

ஆனால் இங்கே ஒரு வழக்கு இருக்கிறது. அந்தப் பிரெஞ்சு மடத்தை இன்று ஷூ என்பதில் ஒரு எழுத்து கூட்டித்தான் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் பழைய பிரெஞ்சில் ஆந்தை! ஆந்தைப் பள்ளத்தாக்கு. அடர்ந்த காடு, இருட்டு, ராத்திரி எழுந்து ஜெபிக்கும் ஆட்கள், கேட்டால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. என் ஓட்டு இருந்தாலும் முட்டைக்கோஸுக்கே. ஏனென்றால் இவர்கள் இறைச்சியைத் தொடாதவர்கள், மடத்தின் தோட்டத்தில் தாங்களே வேலை செய்தவர்கள். ஆந்தையை வைத்துக்கொண்டு குழம்பு வைக்க முடியுமா? உங்கள் கட்சி எது என்று கீழே கமெண்டில் போடுங்கள், நான் எண்ணிப் பார்க்கப் போகிறேன்.

சரி, இவர்களுடைய விதிகளைக் கேளுங்கள். ஒரு மடத்தில் ஏறக்குறைய 20 பேருக்கு மேல் கூடாது. வேலையாக வெளியே போகலாமா? மடத்தலைவர் போகலாம், துணைக்கு ஒருவர். மற்றவர்கள் உள்ளேதான். ஆள் நடமாட்டமே இல்லாத பர்கண்டிக் காட்டுக்கு இது சரிப்படும். அதைத் தூக்கிக்கொண்டு போய் லாக் எட்டிவ் கரையில் வைத்தால் என்ன ஆகும்? மலையும் சேறுமான அந்த நாட்டில் கடல்தான் நெடுஞ்சாலை. படைக்குப் போகிறவன், மீன் பிடிக்கிறவன், பெண் கேட்டுப் போகிறவன், எல்லாரும் படகில்தான். உலகத்தை மறக்க வந்தவர்களுக்கு நெடுஞ்சாலை ஓரமாக வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார் டங்கன்.

பிரான்சுக்கு வெளியே இந்தச் சபை உறுதியாகக் காலூன்றியது ஸ்காட்லாந்தில்தான், அதுவும் மூன்றே மடங்கள். மூன்றும் ஒரே சமயத்தில், 1230ஐ ஒட்டி வந்தவை. ஒன்று ப்ளஸ்கார்டன், அங்கே இன்றைக்கும் பெனடிக்டின் என்ற வேறொரு சபையின் துறவிகள் வாழ்கிறார்கள். இன்னொன்று ப்யூலி, பிரெஞ்சில் 'அழகான இடம்' என்பது மருவி வந்த பெயர். அந்த இரண்டும் பிற்பாடு வேறு சபைகளுக்கு மாறிப் போயின. கடைசி வரை கோஸ் கட்சியிலேயே இருந்தது ஆர்ட்சாட்டன் மட்டும்தான்.

அப்புறம் ராபர்ட் புரூஸ், ஸ்காட்லாந்தின் அரசரானவர். 1306இல் அவர் தன் எதிரி ஜான் காமினை ஒரு தேவாலயத்துக்குள் வைத்துக் கொன்றார். மக்டூகல்கள் காமினுக்குச் சம்பந்திகள், சும்மா விடுவார்களா? இரண்டு மூன்று வருடம் கழித்து அதே க்ரூஹன் மலையடிவாரத்தில், ப்ரேண்டர் கணவாயில் புரூஸ் அவர்களை முறியடித்தார். முறியடித்த கையோடு ஆர்ட்சாட்டனிலேயே நாடாளுமன்றம் கூட்டினார், அங்கே கேலிக் மொழியில் பேச்சு நடந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். தோற்றவர்களின் முன்னோர் கட்டிய மடத்திலேயே உட்கார்ந்து! வழிவழிக் கதைதான், ஆனாலும் எதிரியின் வீட்டுத் திண்ணையில் கால்மேல் கால் போட்டு உட்கார்வதில் ஒரு சுகம் இருக்கத்தானே செய்யும்.

மக்டூகல்கள் அதோடு ஒழிந்துபோகவில்லை. 1500 என்று ஆண்டு பொறித்த ஒரு கல் சிலுவை அங்கே இருக்கிறது, செய்யச் சொன்னவர் மடத்தலைவராக இருந்த ஒரு மக்டூகல். நாடு கையை விட்டுப் போனாலும் மடத்தலைமையைக் குடும்பச் சொத்து மாதிரி வைத்திருந்திருக்கிறார்கள்.

1560இல் ஸ்காட்லாந்து புராட்டஸ்டண்ட் நாடானது. புராட்டஸ்டண்டுகளுக்குத் துறவு மடங்கள் வேண்டாம், ஆகவே மடம் கேம்பல் குடும்பத்தின் கைக்குப் போனது.

இப்போது எனக்கு மிகப் பிடித்த விஷயம். மற்ற மடங்கள் பலவும் கூரை இழந்து, கல் பெயர்ந்து, சுற்றுலா அட்டைப் படமாகிவிட்டன. இங்கே தேவாலயம் மட்டும்தான் இடிந்து கிடக்கிறது, துறவிகள் சாப்பிட்ட கூடத்தைக் கேம்பல்கள் தங்கள் வீட்டோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கூடத்தில் அன்றைக்கு யாரும் பேசக் கூடாது, ஒரு துறவி மட்டும் சுவரில் கட்டிய சின்ன மேடையில் நின்று வேதப் புத்தகத்தைப் படிப்பார், மற்றவர்கள் கேட்டபடி சாப்பிடுவார்கள். அந்த வாசிப்பு மேடை இன்றும் அந்த வீட்டுக்குள் இருக்கிறது! துறவிகள் வாய் திறக்காத கூடம் ஒரு குடும்பம் கதையடிக்கும் வீட்டின் பகுதியாகிவிட்டது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லாக் எட்டிவ் கடலோடு சேரும் வாய் கானல் என்ற இடத்தில் இருக்கிறது. குறுகலான வாய், அடியில் பாறைத் திட்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய வற்றத்தின்போது வெளியே கடல் மட்டம் சடசடவென்று இறங்கிவிடும், உள்ளே இருக்கும் தண்ணீரால் அந்த வேகத்துக்கு வெளியேற முடியாது. விளைவு, கடலுக்குள்ளேயே ஓர் அருவி! மேலே 1903இல் ரயிலுக்குக் கட்டிய இரும்புப் பாலம், இப்போது அதில் கார்கள் போகின்றன. அங்கிருந்து பார்க்கலாம். அலை அட்டவணையைப் பார்த்துக்கொண்டு போங்கள், நேரம் தப்பினால் சும்மா அமைதியான தண்ணீர்தான் கிடக்கும், அப்புறம் கமெண்டில் வந்து என்னைத் திட்டக் கூடாது.