இரண்டு நொடி மிச்சமிருந்தது

(வடசென்னையில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாக வாழ்த்துரை வழங்கிய மாமன்ற உறுப்பினர் அவர்களே, பந்தோபஸ்து வேலைக்கு நடுவிலும் நமக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் காவல் ஆய்வாளர் அவர்களே, வருடம் தவறாமல் பிள்ளைகளுக்கு க்ளவுஸும் ஷூவும் வாங்கித் தரும் வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, அனைவருக்கும் என் வணக்கம். முன்வரிசையில் மூத்த வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார். மேடைக்கு வாங்க என்று எத்தனை முறை அழைத்தும் "என் பசங்க பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். பொன்னாடை போர்த்திய இளைஞர் மன்றத்துத் தம்பிகளுக்கு நன்றி. பிள்ளைகளை இந்தக் களத்துக்கு அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்போடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, உங்களுக்குத்தான் இன்று நான் அதிகம் பேசப்போகிறேன்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, மெக்சிகோவின் மகத்தான சாம்பியன் ஹூலியோ சேசர் சாவேஸ். மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, அவருடைய அமெச்சூர் நாட்கள், அதாவது காசு வாங்காமல் ஆடிய காலம். இரண்டு, தொழில்முறை வாழ்க்கை. மூன்று, போதைப் பழக்கத்தில் விழுந்து அதிலிருந்து அவர் எழுந்து வந்த கதை. மூன்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழி. நான் எந்த மேடை ஏறினாலும் அதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்.

சாவேஸ் பிறந்தது 1962 ஜூலை 12, சொனோரா மாநிலத்தில் சியுதாத் ஒப்ரகோன் என்ற ஊரில். அப்பா ரயில்வே தொழிலாளி. குடும்பம் சினலோவா மாநிலத்தில் உள்ள குலியாக்கானுக்கு வந்து சேர்ந்தது. வீடு என்று இருந்தது ஒரு பழைய ரயில் பெட்டி. அதற்குள் அத்தனை பிள்ளைகள். அம்மா ஊரார் துணியைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். "ஒருநாள் உனக்கு வீடு கட்டித் தருவேன், அதன்பிறகு நீ யார் வீட்டுத் துணியும் தொடக் கூடாது" என்று அந்தப் பையன் அம்மாவிடம் சொன்னான். சாவேஸே பல பேட்டிகளில் சொல்லியிருக்கும் செய்தி இது. குத்துச்சண்டைக்கு வந்த பிள்ளைகளில் பாதிப் பேரின் கதை இதுதான், மெக்சிகோவானாலும் சரி, இந்தத் தெருவானாலும் சரி.

அமெச்சூர் காலம் அவருக்குக் குறுகியது. ஒலிம்பிக் வளையத்தில் அவர் கால் வைத்ததே இல்லை. மெக்சிகோவில் வழக்கம் அப்படி. வறுமை பையனைச் சீக்கிரமே காசுக்கு ஆட அனுப்பிவிடும். சால்வடோர் சாஞ்செஸ் தொழில்முறைக்கு வந்தபோது வயது 16. இன்று உலகம் கொண்டாடும் கனெலோ ஆல்வாரெஸுக்கு 15. சாவேஸ் 1980 பிப்ரவரியில் தன் 17 வயதில் முதல் தொழில்முறைச் சண்டை ஆடினார். அதே 1980இல்தான் முகமது அலி நம் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிச் சண்டை போட்டார். பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள், தலையாட்டுவது தெரிகிறது.

பின்னாளில் சாவேஸுக்கு மிகக் கடினமான இரவுகளைக் கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். மெல்ட்ரிக் டெய்லர், 1984 ஒலிம்பிக் தங்கம். பெர்னல் விட்டேகர், அதே 1984 ஒலிம்பிக் தங்கம். ஆஸ்கர் டி லா ஹோயா, 1992 ஒலிம்பிக் தங்கம். அமெச்சூர் பள்ளிக்கூடத்தில் கால் வேலையைக் கற்று வந்தவர்கள் இவர்கள். தம்பிகளே, அமெச்சூரில் நிதானமாக வளருங்கள், அவசரப்படாதீர்கள். இதைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை. நேரம் ஓடுகிறது.

தொழில்முறையில் அவர் செய்தது சாதாரணக் காரியம் அல்ல. 1984 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் மரியோ மார்ட்டினெஸை எட்டாவது ரவுண்டில் நிறுத்தி சூப்பர் ஃபெதர்வெயிட் பட்டம். 1987இல் லைட்வெயிட். 1989இல் ரோஜர் மேவெதரை வென்று லைட் வெல்டர்வெயிட். மூன்று எடைப் பிரிவில் உலக சாம்பியன். முதல் 90 சண்டைகளில் ஒரு தோல்வி கூட இல்லை, ஒரே ஒரு டிரா. 1981இல் மிகேல் ரூயிஸோடு ஆடிய சண்டையில், பெல் அடித்த நேரத்தில் குத்தினார் என்று முதலில் தோல்வி அறிவிக்கப்பட்டு, மறுநாள் அது வெற்றியாக மாற்றப்பட்டது. அதையும் சொல்வதுதான் நியாயம். ஆனாலும் அந்த ஒன்றைக் கழித்துவிட்டாலும் மலைக்க வைக்கும் கணக்குதான்.

அவருடைய ஆயுதம் இடது ஹூக், கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து, கல்லீரலுக்கு. வலது விலாவுக்குக் கீழே அது இறங்கினால் மூளை தெளிவாகத்தான் இருக்கும், உடம்பு மட்டும் தரையில் உட்கார்ந்துவிடும். ஓடும் எதிராளியைத் துரத்த மாட்டார். அவன் போகப்போகும் இடத்தில் முன்கூட்டியே ஒரு காலை வைத்து வளையத்தைச் சுருக்கிவிடுவார். 1993 பிப்ரவரியில் மெக்சிகோ நகரத்து அஸ்டெக்கா மைதானத்தில் 1,30,000 பேருக்கு மேல் கூடினார்கள். எதிராளி கிரெக் ஹாகன், "சாவேஸ் இதுவரை ஜெயித்ததெல்லாம் டிஹுவானா டாக்சி டிரைவர்களை" என்று கேலி பேசியிருந்தார். ஐந்தாவது ரவுண்டில் ஆட்டம் முடிந்தது. பிறகு கேட்டபோது அதே ஹாகன் சொன்னார், "அந்த டாக்சி டிரைவர்கள் ரொம்ப முரட்டு ஆட்களாக இருந்திருக்க வேண்டும்." கைதட்டுங்கள், தட்ட வேண்டிய இடம்தான்.

இப்போது நான் உங்களை 1990 மார்ச் 17ஆம் தேதி இரவுக்கு அழைத்துப் போகிறேன். லாஸ் வேகாஸ், ஹில்டன் ஓட்டல். ஒரு பக்கம் சாவேஸ், வயது 27, தோல்வி காணாதவர். மறுபக்கம் மெல்ட்ரிக் டெய்லர், பிலடெல்பியாக்காரர், வயது 23, அவரும் தோல்வி காணாதவர். கை வேகம் என்றால் டெய்லர்தான். சாவேஸ் ஒன்று போடுவதற்குள் அவர் நான்கு போட்டுவிடுவார்.

முதல் ரவுண்டு டெய்லர். இரண்டாவது டெய்லர். மூன்று, நான்கு, ஐந்து, டெய்லர், டெய்லர், டெய்லர். மெக்சிகோ ரசிகர்கள் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். பதினோரு ரவுண்டு முடிந்தபோது, பாயிண்ட் போடும் மூன்று நடுவர்களில் ஒருவரின் அட்டையில் 108க்கு 101, இன்னொருவர் அட்டையில் 107க்கு 102, இரண்டும் டெய்லருக்கு. மூன்றாமவர் மட்டும் 105க்கு 104 என்று சாவேஸுக்குக் கொடுத்திருந்தார். கடைசி ரவுண்டில் பெல் அடிக்கும்வரை டெய்லர் தாக்குப்பிடித்தாலே போதும், பட்டம் அவருடையது.

ஆனால் முகத்தைப் பாருங்கள். அட்டையில் ஜெயித்துக்கொண்டிருப்பவரின் முகம் வீங்கிக் கிடக்கிறது. வாயில் ரத்தம், அதை விழுங்கி விழுங்கி ஆடுகிறார். கண்குழியைச் சுற்றியிருக்கும் எலும்பு முறிந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நிலைமையில் அவருடைய கார்னர், அதாவது மூலையில் நிற்கும் பயிற்சியாளர் கூட்டம், என்ன சொன்னது? "இந்த ரவுண்டு உனக்கு வேண்டும், போய் ஜெயித்து வா" என்று அனுப்பியது.

பன்னிரண்டாவது ரவுண்டு. டெய்லர் ஒதுங்கவில்லை, நின்று மோதுகிறார். சாவேஸின் வலது கை ஒன்று இறங்கியது. கால் தள்ளாடுகிறது. கடைசி அரை நிமிடம். டெய்லர் கயிறு மூலைக்குப் போகிறார், இன்னொரு வலது கை, விழுந்துவிட்டார்! மொத்த அரங்கமும் எழுந்து நிற்கிறது. ரெஃபரி ரிச்சர்ட் ஸ்டீல் எண்ணத் தொடங்குகிறார். ஆறு வரும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு டெய்லர் எழுந்துவிட்டார். எட்டு வரை எண்ணிவிட்டு ஸ்டீல் முகத்துக்கு நேராகக் கேட்கிறார், "நல்லா இருக்கியா?" பதில் இல்லை. மறுபடி, "நல்லா இருக்கியா?" டெய்லரின் பார்வை ரெஃபரி மேல் இல்லை. அவருடைய பயிற்சியாளர் லூ டுவா வளையத்தின் விளிம்பில் ஏறி நின்று கத்துகிறார், கண் அங்கே போய்விட்டது. மூலைக் கம்பத்தில் கடைசிப் பத்து நொடிக்கான சிவப்பு விளக்கு எரிகிறது. ஸ்டீல் இரண்டு கையையும் விரித்து வீசினார். சண்டை முடிந்தது, சாவேஸ் வென்றார். கடிகாரத்தில் மிச்சம் இருந்தது இரண்டு நொடி.

அன்றைக்கு ஆரம்பித்த சர்ச்சை இன்றும் ஓயவில்லை. இரண்டு நொடி விட்டிருக்கக் கூடாதா, பட்டத்தைப் பறித்துவிட்டாரே என்று ஸ்டீலைத் திட்டாதவர் இல்லை. அவர் சொன்ன பதில், நான் கடிகாரம் பார்ப்பவன் அல்ல, நிறைய பலமான அடி வாங்கிவிட்டார், நிறுத்த வேண்டிய நேரம் அது, நிறுத்தினேன் என்பதுதான். நான் ஸ்டீலின் பக்கம். என் கோபமெல்லாம் அதற்கு முன்னால் நடந்ததன் மேல். பதினோரு ரவுண்டு வரை அந்தப் பையனின் முகத்தை யாரும் ஏன் பார்க்கவில்லை? ஜெயித்துக்கொண்டிருந்தான், அதனால் பார்க்கவில்லை! தோற்கிறவனுக்காவது, போதும் நிறுத்துங்கள் என்று வளையத்துக்குள் துண்டு வீச ஒருவன் இருப்பான். 1987இல் எட்வின் ரொசாரியோ சாவேஸிடம் அடி வாங்கிக் கண் மூடிக் கிடந்தபோது, பதினோராவது ரவுண்டில் அவர் கார்னர் துண்டை வீசியது. அந்தச் சண்டையை நிறுத்தியதும் இதே ஸ்டீல்தான். பாயிண்டில் முன்னால் இருப்பவனுக்குத் துண்டு வீச எவனுக்கும் மனம் வராது. டெய்லர் அதற்குப் பிறகும் 1991இல் ஒரு உலகப் பட்டம் வென்றார். ஆனால் பழைய டெய்லர் திரும்பவில்லை. சில ஆண்டுகளில் அவர் பேச்சு குழறத் தொடங்கியதை உலகமே பார்த்தது. சுவர் இருந்தால்தான் சித்திரம், ஐயா. தங்கப் பதக்கம் வாங்கிய கைக்கும் அதே விதிதான்.

மூளை மண்டைக்குள் நீரில் மிதக்கிறது. குத்து விழுந்து தலை வெடுக்கென்று திரும்பும்போது, மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவில் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் கிழியலாம். ரத்தம் உடனே தெரியாது, சொட்டுச் சொட்டாகச் சேரும். பையன் எழுந்து, பேசி, தண்ணீர் குடித்து, வீட்டுக்குக்கூடப் போவான். ராத்திரி தலைவலி என்பான், வாந்தி எடுப்பான், தூங்கப் போவான். தாய்மார்களே, அப்படி ஒரு ராத்திரியில் அவனைத் தூங்க விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

1980 செப்டம்பரில் இன்னொரு மெக்சிகோ சாம்பியன், லூப்பே பின்டோர், லாஸ் ஏஞ்சலஸில் ஜானி ஓவன் என்ற வேல்ஸ் நாட்டுப் பையனோடு ஆடினார். பன்னிரண்டாவது ரவுண்டில் விழுந்த ஓவன் கண் திறக்கவே இல்லை, நவம்பரில் இறந்துபோனார். 2002இல் ஓவனின் சொந்த ஊரான மெர்தர் டிட்வில்லில் சிலை வைத்தபோது, அவருடைய அப்பா யாரை அழைத்துத் திறக்கச் சொன்னார் தெரியுமா? பின்டோரை. மகனைக் குத்திய கையாலேயே சிலையைத் திறக்க வைத்தார் அந்தத் தகப்பன். குத்தியவன் மேல் அவருக்குப் பகை இல்லை. 1982இல் கொரியாவின் கிம் டுக்-கூ, ரே மான்சினியோடு பதினாலாவது ரவுண்டு வரை ஆடி விழுந்து சில நாளில் இறந்த பிறகுதான் உலகப் பட்டச் சண்டைகளைப் பதினைந்திலிருந்து பன்னிரண்டு ரவுண்டாகக் குறைத்தார்கள். ஒரு உயிர் போனால்தான் ஒரு விதி மாற வேண்டுமா?

சாவேஸுக்கே நடந்ததைக் கேளுங்கள். 1996 ஜூனில் டி லா ஹோயாவோடு ஆடியபோது, பயிற்சியிலேயே கண்ணுக்கு மேல் கிழிந்திருந்த காயம் முதல் ரவுண்டிலேயே பிளந்துகொண்டது. முகமெல்லாம் ரத்தம். நாலாவது ரவுண்டில் மருத்துவர் பார்த்தார், ரெஃபரி நிறுத்தினார். அங்கே மருத்துவர் இருந்தார். ஆறாத காயத்தோடு ஏன் வளையத்துக்குள் அனுப்பினார்கள் என்று என் நண்பர்களிடம் இன்றும் சண்டை பிடிப்பேன். ஆனாலும் மருத்துவர் இருந்தார்.

நம் ஊரில்? பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு நடக்கும் போட்டிகளுக்கு நான் போயிருக்கிறேன். சீரியல் லைட் இருக்கும், ஸ்பீக்கர் இருக்கும், கோப்பை வரிசையாக மின்னும், விருந்தினருக்குச் சால்வை இருக்கும். ஸ்ட்ரெச்சர் இருக்காது. "டாக்டரைக் கூப்பிட்டிருக்கோம், வருவாரு" என்பார்கள். சண்டை அதற்குள் நாலு முடிந்திருக்கும். போன மாதம் நாக்-அவுட் ஆன பையன் இந்த மாதம் வேறு ஊரில், வேறு எடைப் பிரிவில் பெயர் கொடுப்பான். ஒரு நாக்-அவுட்டுக்குப் பின் குறைந்தது 30 நாள் வளையம் ஏறக் கூடாது என்பது அமெச்சூர் விதி. அந்த 30 நாளை எழுதி வைக்கிற நோட்டு எத்தனை பயிற்சிக்கூடத்தில் இருக்கிறது?

அதனால்தான் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். வளையத்தின் ஓரத்தில் மருத்துவர், வாசலில் ஆம்புலன்ஸ், ஒவ்வொரு பிள்ளைக்கும் அடி விவரம் எழுதிய ஒரு நோட்டு. இந்த மூன்றும் இல்லாமல் எந்தச் சண்டைக்கும் அனுமதி கூடாது. மாமன்ற உறுப்பினர் அவர்கள் முன்னாலேயே சொல்கிறேன், இதை மாமன்றத்தில் எழுப்பித் தர வேண்டும். ஆய்வாளர் அவர்களே, போட்டிக்கு அனுமதிக் கடிதம் உங்கள் மேசைக்குத்தானே வருகிறது? மருத்துவர் யார் என்று ஒரு வரி கேளுங்கள். வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, அடுத்த வருடம் க்ளவுஸில் ஒரு ஜோடி குறைந்தாலும் பரவாயில்லை, ஒரு ஸ்ட்ரெச்சர் வாங்கித் தாருங்கள். வாத்தியார் அவர்களே, உங்கள் தோளில் இருக்கும் அந்தத் துண்டுக்கு எந்த நடுவர் அட்டையையும்விட அதிகாரம் உண்டு. ஜெயிக்கிற பையனுக்கும் அதை வீசுங்கள்.

மூன்றாவது செய்தியாகச் சாவேஸ் போதையிலிருந்து மீண்டதைச் சொல்வதாக இருந்தேன். குடியிலும் கோகெய்னிலும் பல ஆண்டுகளை இழந்து, பிள்ளைகளே பிடித்து சிகிச்சைக்குச் சேர்த்து, வெளியே வந்தபின் மற்றவர்களுக்காக டிஹுவானாவிலும் குலியாக்கானிலும் மறுவாழ்வு மையங்கள் நடத்துகிறார். எழுந்து நின்ற சுவர் அது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னொரு நாள் முழுதாகப் பேசுகிறேன்.

இன்னும் அரை மணி நேரத்தில் இறுதிச் சண்டைகள் தொடங்கப்போகின்றன. மருத்துவர் அம்மா நம் அழைப்பை ஏற்று வந்திருக்கிறார்கள், மேடையில் விருந்தினர் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அம்மா அவர்களுக்கு மேடையிலிருந்து கீழே, நீல மூலைக்குப் பக்கத்தில், கயிற்றை ஒட்டி ஒரு நாற்காலி போடுங்கள். அவர் உட்கார்ந்த பிறகு முதல் பெல்லை அடியுங்கள். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. நன்றி, வணக்கம்.