மழைக்கு முன்னால் வீட்டில் பேசிவைக்க வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம்.

2023 டிசம்பர் 17-ஆம் தேதி ராத்திரி தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் இருந்தவர்கள் அந்த மழையை மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கிற மழையைவிட அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துக் கிராமத்து மக்கள்தான் சமைத்துக் கொடுத்து அவர்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் ஒரு வழக்கறிஞர். ஆனால் சட்டத்தோடு தண்ணீரையும் சேர்த்தே இன்று பேசப்போகிறேன். கரண்ட் போய், செல்போன் டவரும் வேலை செய்யாத ராத்திரியில் இரண்டு பயங்கள் சேர்ந்தே வரும். குடிக்கிற தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்பது ஒன்று. யாராவது வீட்டுக்குள் புகுந்துவிடுவார்களோ என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பகல் வெளிச்சத்தில், மனம் நிதானமாக இருக்கும்போதே வழி யோசித்து வைத்துவிட வேண்டும்.

முதலில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். கடையில் வாங்குகிற 20 லிட்டர் கேன் மூன்று இருந்தால் போதும். கழுவவும் கழிப்பறைக்கும் தனியாக டிரம்மில் பிடித்து வையுங்கள், மழைத் தண்ணீரே அதற்குப் போதும். புயல் எச்சரிக்கை வந்தவுடன், கரண்ட் இருக்கும்போதே மேல் தொட்டியை நிரப்பிவிடுங்கள். ஆர்.ஓ. மெஷினை நம்பி இருக்காதீர்கள். கரண்ட் இல்லாவிட்டால் அது ஓடாது.

வீட்டில் சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தெருவில் ஓடுகிற வெள்ளத்தில் சாக்கடையும் கலந்திருக்கும். அது சம்ப்புக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் மோட்டாரைப் போட்டால், நல்ல தண்ணீர் இருக்கிற மேல் தொட்டியும் கெட்டுப்போகும். நனைந்த மோட்டாரில் ஷாக் அடிக்கவும் வாய்ப்பு உண்டு. சம்ப்பை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்த பிறகுதான் அதில் தண்ணீர் நிரப்ப வேண்டும்.

கலங்கிய தண்ணீர்தான் கிடைக்கிறது என்றால் முதலில் தெளியவிட்டு, மடித்த வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். தேத்தாங்கொட்டையை உரைத்துவிடுகிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. நல்ல பழக்கம்தான், ஆனால் அது மண்ணைத்தான் அடியில் படியவைக்கும், கிருமியைக் கொல்லாது. அதனால் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பிலேயே வையுங்கள். அடுப்பு எரிக்க வழியில்லை என்றால் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். எந்த மாத்திரைக்கு எத்தனை லிட்டர் என்பது அட்டையிலேயே இருக்கும்.

சேமித்த தண்ணீரை மறந்துவிடவும் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். வெறுமனே கொட்டிவிட்டு மறுபடி பிடித்தால் பயனில்லை. வாரம் ஒருமுறை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, இறுக்கமாக மூடி வைக்க வேண்டும்.

சரி, இனி சட்டத்துக்கு வருகிறேன். "வீட்டுக்குள் ஒருவன் புகுந்தால் வெட்டலாமா?" என்று என்னிடம் பலரும் கேட்பதுண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்ததுதான் இது. உங்கள் உடலையும் உடைமையையும் மட்டுமல்ல, அடுத்தவரின் உடலையும் உடைமையையும் காப்பாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நியாயமான அச்சம் வந்தாலே உரிமை தொடங்கிவிடும்.

அந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அதற்கு மேல் போகக் கூடாது. போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால், அந்த உரிமையே கிடையாது. உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போக எந்தச் சூழ்நிலையில் இடம் உண்டு என்பதைச் சட்டம் தனியாகவே பட்டியல் போட்டிருக்கிறது. கொலை முயற்சி, பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு, கொள்ளை, பொழுது சாய்ந்து விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது போன்றவை அதில் உண்டு. அப்போதும் 'தேவைக்கு மேல் கூடாது' என்ற விதி கூடவே இருக்கும். உயிர்ப் பயத்தில் அடித்த அடியைப் பொன் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் திருடன் கீழே விழுந்த பிறகும், திரும்பி ஓடத் தொடங்கிய பிறகும் விழுகிற அடி வேறு. அதைப் பழிவாங்குவதாகத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

பிடித்த ஆளைக் கம்பத்தில் கட்டிவைத்து ஊரே அடிப்பதைத் தற்காப்பு என்று எந்த வழக்கறிஞராலும் வாதாட முடியாது. கண் முன்னால் கொள்ளை போன்ற கடுமையான குற்றம் செய்தவரைப் பொதுமக்களே பிடிக்கலாம். தேவையில்லாமல் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மதிலில் மின்சாரக் கம்பி இழுத்துவிடுவது இன்னும் மோசம். பந்து எடுக்க வந்த பிள்ளை எது, திருடன் எது என்று கம்பிக்குத் தெரியாது.

வெள்ள நாளில் எனக்கு இருக்கும் பெரிய கவலையே இதுதான். இருட்டில் மதில் ஏறி வருகிறவர் பெரும்பாலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, மாடி தேடி வருகிற பக்கத்துத் தெருக்காரராகத்தான் இருப்பார். 'திருடன் வந்துவிட்டான்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி வந்துவிட்டால், அவர் சொல்வதைக் கேட்கக்கூட யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, டார்ச் அடித்து, "யாரது?" என்று சத்தமாகக் கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு முடிவெடுங்கள். பக்கத்து வீடுகளோடு இப்போதே பேசி, விசிலோ டார்ச் சைகையோ ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஆபத்து உண்மையென்றால் 112. வெள்ள உதவிக்கு மாநில எண் 1070, மாவட்ட எண் 1077. இந்த எண்களைப் போனில் மட்டும் வைத்திருக்காமல் சுவரிலும் எழுதிவையுங்கள்.

கைகலப்பாகி யாருக்காவது அடிபட்டுவிட்டால், அவர் திருடனே ஆனாலும் 108-ஐ அழையுங்கள். போலீஸுக்கு நீங்களே முதலில் தகவல் சொல்லுங்கள். நடந்த இடத்தைக் கழுவிவிடாதீர்கள். தற்காப்புக்காகத்தான் செய்தேன் என்று காட்டுகிற பொறுப்பு சட்டப்படி உங்களுடையது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். இடமும் உடைந்த பூட்டும் கலையாமல் இருந்தால்தான் அதைக் காட்ட முடியும்.

வக்கீல் வைக்க வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, தொலைபேசி எண் 15100. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இந்த உதவிக்கு உரியவர்கள் யார் யார் என்று சொல்கிற இடத்தில், வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது.

நன்றி, வணக்கம்.