வெளிமுகமைக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அரசுப் பணிகளை வெளிமுகமைக்குக் கொடுப்பது சரியா, தவறா என்று கேட்பதைவிட, ஒரு பணியின் எந்தப் பகுதியைக் கொடுக்கிறோம் என்று கேட்பதே பயனுள்ளது என நான் கருதுகிறேன். இந்தியாவின் கடவுச்சீட்டுச் சேவை மையங்களில் ஆவணங்களைப் பதிவேற்றுவதும், புகைப்படமும் கைரேகையும் எடுப்பதும் ‘ஏ’ முகப்பிலுள்ள தனியார் நிறுவன ஊழியரின் வேலை. அடுத்த இரு முகப்புகளில் அமர்ந்து சரிபார்ப்பவரும், வழங்கலாமா என்று முடிவு செய்பவரும் அரசு அலுவலர்கள்.

எழுத்து வேலைக்கும் முடிவெடுப்பதற்கும் இடையிலான இந்தக் கோடு அழிந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் சான்று. அம்மாநிலம் 2006-ல், உணவு உதவி, மருத்துவ உதவி ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களைக் கையாளும் பணியை, நூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட பத்தாண்டு ஒப்பந்தத்தின் வழியே ஐ.பி.எம். என்ற கணினி நிறுவனத்தின் தலைமையிலான குழுவிடம் அளித்தது. குடும்பத்தின் நிலையை அறிந்த அலுவலரின் இடத்தில் தொலைபேசி மையம் வந்தது. அனுப்பிய ஆவணங்கள் தொலைந்தபோதும், ‘ஒத்துழைக்கத் தவறினார்’ என்ற காரணத்தோடு விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. நோயாளிகளும் முதியவர்களும் இதனால் பட்ட துன்பத்தை எந்தச் சிக்கனக் கணக்கும் ஈடுகட்டாது. 2009-ல் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. அதையொட்டிய வழக்கு 2019-லும் மாநில உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது.

நிறுவனத்தை மட்டும் குறைசொல்லி இதைக் கடந்துவிட முடியாது. எண்ணிப் பார்க்க எளிதானவற்றையே ஒப்பந்தங்கள் அளவுகோலாக வைக்கின்றன: எத்தனை அழைப்புகள் ஏற்கப்பட்டன, எத்தனை கோப்புகள் உரிய நாளுக்குள் முடிந்தன என்று. தவறாகத் தள்ளுபடி செய்யப்பட்ட கோப்பும் அந்தக் கணக்கில் முடிந்த கோப்புதான்! அந்தத் தவறைக் கண்டுபிடிக்க, வேலையின் உள்ளும் புறமும் தெரிந்தவர்கள் துறைக்குள் இருக்க வேண்டும். அனுபவமுள்ள ஊழியர்களை மொத்தமாக அனுப்பிவிட்ட துறை, நிறுவனம் தரும் அறிக்கையை நம்புவதைத் தவிர வேறு வழியற்றுப் போகிறது; ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அதே நிறுவனத்தையே நாட வேண்டியிருக்கிறது. குறைந்த விலைப்புள்ளியில் தெரியும் மிச்சத்தோடு இந்தச் சார்பின் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

ஆகவே நான் முன்வைக்கும் கோரிக்கை இது: தட்டச்சு, பதிவேற்றம், அழைப்பு மையம் போன்றவை தாராளமாக வெளியே போகட்டும், ஆனால் உதவியை மறுக்கும் ஒவ்வோர் ஆணையிலும், காரணத்தை எழுதி, பெயரும் பதவியும் குறித்து, மேல்முறையீட்டில் பதில் சொல்லக் கடமைப்பட்ட அரசு அலுவலர் ஒருவர் கையொப்பமிட வேண்டும்.