பஸ் கண்ணாடியில இருந்து குவாண்டம் வரைக்கும்: எந்தப் புத்தகத்தில தொடங்குறது?

(திரையில: இரவு பஸ், ஜன்னல் கண்ணாடி)

அக்கரைப்பற்றில இருந்து மட்டக்களப்புக்கு வாற பின்னேர பஸ்ஸில ஜன்னல் பக்கம் இருந்திருப்பீங்க. இருட்டினாப் பிறகு கண்ணாடியில உங்கட முகமும் தெரியும், அதே கண்ணாடிக்குள்ளால காரைதீவுக் கடை வெளிச்சமும் தெரியும். வெளிச்சத்தில கொஞ்சம் திரும்பி வருது, மிச்சம் கடந்து போகுது. ஆயிரம் தரம் பார்த்திருப்பம், ஆனா எது திரும்புற, எது போற எண்டு ஆர் முடிவெடுக்கிற எண்டு ஒரு தரமும் கேட்டிருக்க மாட்டம்.

அந்தக் கேள்விக்குள்ளதான் குவாண்டம் இரிக்கு, அதாவது அணு, இலத்திரன், வெளிச்சம் மாதிரிச் சின்ன விசயங்கள் எப்பிடி நடக்குது எண்டு சொல்லுற பௌதிகவியல். இண்டைக்குக் கதைக்கப் போறது அதைப் பற்றி சாதாரண ஆக்களுக்கு எழுதின புத்தகங்கள். தம்பி தங்கச்சிமார் எத்தனையோ பேர் என்னட்ட கேட்டுட்டாங்க, அண்ணா எதை முதல்ல வாசிக்கிற எண்டு. என்ட பதில் ஒண்டுதான். என்ன அளந்தாங்க, என்ன நம்பர் வந்தது எண்டு முதல்ல சொல்லிட்டு, அதுக்குப் பிறகு அர்த்தம் சொல்லுற புத்தகத்தை எடுங்க.

ஏலெவல் படிச்ச ஆக்களுக்கு ஒரு சொல் ஞாபகம் இருக்கும், சொட்டு. குவாண்டம் எண்டதுக்கு நம்மட பாடப் புத்தகத் தமிழ் அதுதான். சக்திச் சொட்டு, சொட்டெண் எண்டெல்லாம் நோட்ஸில எழுதினம். எனக்கு அதை ஒருத்தரும் விளங்கப்படுத்தல்ல, சமன்பாட்டைப் பாடமாக்கிட்டு சோதினைக்குப் போனதுதான். பிறகு பார்த்தா எவ்வளவு அழகான சொல்! 1900 டிசம்பர்ல பெர்லினில மாக்ஸ் பிளாங்க் சொன்னது அதுதான், சக்தி பைப் தண்ணி மாதிரி ஒழுகல்ல, சொட்டுச் சொட்டாத்தான் போகுது. 1905ல ஐன்ஸ்டைன் இன்னும் ஒரு படி மேல போய் வெளிச்சமே சொட்டுத்தான் எண்டார். அந்தச் சொட்டுக்குத்தான் இப்ப போட்டோன் எண்டு பேர்.

(திரையில: கண்ணாடிக் கட்டி, அம்புக்குறிகள்)

இப்ப முதல் புத்தகம். அமெரிக்க பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன்ட 'கியூ.இ.டி', 1985ல வந்தது. வெளிச்சமும் இலத்திரனும் ஒண்டோட ஒண்டு எப்பிடித் தொடர்பு படுது எண்டு சொல்லுற கோட்பாட்டுட சுருக்கப் பேர்தான் அது. அலிக்ஸ் மோட்னர் எண்டு அவருக்கு ஒரு சிநேகிதி, இலக்கியம் படிச்சவ, பௌதிகவியல் தெரியாது, ஆனா விளங்கிக்கொள்ள ஆசை. அவவுக்காக ஆயத்தப்படுத்தின விரிவுரைகள்தான் இது, சொல்லிக் குடுக்க முதலே அவ செத்துப் போனா. புத்தகத்தில இரிக்கிற பொறுமை எங்க இருந்து வந்தது எண்டு எனக்கு அதை வாசிச்ச பிறகுதான் விளங்கிச்சு.

அதில முதல் வாற கணக்கு பஸ் கண்ணாடிதான். ஒரே நிற வெளிச்சத்தை கண்ணாடியில விடுங்க, முன் பக்கத்தை மட்டும் கணக்கெடுத்தா 100 போட்டோன் போனா சராசரியா 4 திரும்பி வரும். சரி, பின் பக்கமும் இரிக்கே, அதிலயும் 4 எண்டா மொத்தம் 8 வரோணும்தானே? வராது. கண்ணாடிட தடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தினா ஒரு தடிப்பில ஒண்டுமே திரும்பாது, இன்னொரு தடிப்பில 16 திரும்பும், மறுகா குறைஞ்சு பூச்சியம், மறுகா 16. போட்டோனை ஒவ்வொண்டா விட்டாலும் இதே கணக்குத்தான். முன் பக்கத்தில திரும்புற போட்டோனுக்கு பின் பக்கம் எவ்வளவு தூரத்தில இரிக்கெண்டு எப்பிடித் தெரியும்? இந்த இடத்தில புத்தகத்தை மூடி வெச்சிட்டு வாவிக்கரையில நடந்தன் நான், உண்மையா.

அதுக்குக் கணக்குப் போடுற விதம் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். போட்டோன் போகக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் ஒரு அம்புக்குறி கீறுங்க. முன் பக்கத்துக்கு ஒண்டு, பின் பக்கத்துக்கு ஒண்டு, ஒவ்வொண்டும் ஏறத்தாழ 0.2 நீளம். தனிய ஒண்டெண்டா 0.2ஐ 0.2ஆல பெருக்கினா 0.04, அதுதான் அந்த 4. போற தூரத்துக்கேத்த மாதிரி அம்பு மணிக்கூட்டு முள் போல சுத்தும், அதனால தடிப்பு மாற ரெண்டு அம்புட திசையும் மாறும். ரெண்டும் ஒரே பக்கம் பார்த்தா 0.4, பெருக்கினா 0.16. எதிரெதிரா நிண்டா பூச்சியம். அவ்வளவுதான். ஏன் இயற்கை இப்பிடி நடக்குது எண்டு அவர் சொல்லல்ல, இப்பிடித்தான் நடக்குது எண்டு மட்டும் சொல்றார், அந்த நேர்மைதான் எனக்குப் பிடிச்சது.

கல்லடிப் பாலத்துக்குக் கீழ தோணி எஞ்சின் எண்ணெய் தண்ணியில படர்ந்து கலர் கலரா மினுங்கும் தெரியும்தானே, அதுவும் இதே அம்புதான், நிறத்துக்கு நிறம் அம்பு சுத்துற வேகம் வேற. பஸ் கண்ணாடியில கலர் வராதது ஏனெண்டா கண்ணாடி தடிப்பு கூட, எல்லா நிறமும் கலந்து சராசரியாகிரும், அந்த 8க்குக் கிட்டத்தான் வரும்.

அடுத்தது ஜோர்ஜ் கமோவ்ட மிஸ்டர் தொம்கின்ஸ் கதைகள், 1940ல புத்தகமா வந்தது. ஒரு பேங்க் கிளார்க், விஞ்ஞான விரிவுரையில நித்திரையாகி கனவு காணுறார், கனவில பிளாங்க்ட மாறிலி, அதாவது சக்திச் சொட்டு எவ்வளவு பெரிசு எண்டு தீர்மானிக்கிற எண், பெரிசா இரிக்கும், பில்லியட் பந்து ஒரு இடத்தில நிக்காம பரவிப் போகும். நிஜத்தில அந்த மாறிலி சர்வதேச அலகில புள்ளிக்குப் பிறகு 33 பூச்சியம் போட்டு மறுகா 6626 எண்டு தொடங்கும், அதனாலதான் நம்மட கேரம் காய் கேரம் காயாவே இரிக்கு. பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதைத்தான் முதல்ல குடுப்பன்.

கார்லோ ரோவெல்லிட 'ஹெல்கோலாந்து' 2020ல வந்தது. 1925 ஜூன்ல, குவாண்டத்தை உருவாக்கின ஆக்களில ஒருத்தரான 23 வயசு ஹைசன்பெர்க் மகரந்த ஒவ்வாமை தாங்க ஏலாம ஹெல்கோலாந்து எண்ட தீவுக்குப் போய் அங்க கணக்குப் போட்ட கதையில தொடங்கும், மொழி இனிப்பு. ஆனா ஒண்டு, பிறகு வாறது அவர்ட சொந்த விளக்கம், குவாண்டத்துக்கு அப்பிடி பல விளக்கம் இரிக்கு, எது சரியெண்டு விஞ்ஞானிகளே இன்னும் ஒத்துப் போகல்ல. இதை மூணாவதா வாசிங்க.

ஒரு வகைப் புத்தகம் மட்டும் வேண்டாம். மனசு நினைச்சா உலகம் மாறும், குவாண்டம் அதை நிரூபிச்சிட்டு எண்டு எழுதுற புத்தகங்கள். அவங்க பிடிச்சுத் தொங்குறது 'பாத்தா முடிவு மாறும்' எண்டதை. ஆனா குவாண்டத்தில 'பாக்கிற' எண்டா அளக்கிற கருவி ஒண்டு இலத்திரனோட தொடர்பு படுற. அறையில ஒரு மனுசரும் இல்லாட்டியும் கருவி பதியும், முடிவும் அதேதான். வருத்தத்தில கிடக்கிற ஆக்களுக்கு குவாண்டம் வைத்தியம் எண்டு இதை வெச்சு விக்கிறதைப் பாக்கேக்க எனக்கு வயிறு பத்தும்.

(திரையில: யாழ், அதிருற நரம்பு)

நமக்குக் கிட்டவே ஒரு வாசல் இரிக்கு. அந்த பஸ் காரைதீவால வருது, விபுலானந்த அடிகள் பிறந்த ஊர், கல்லடியால போகுது, அவர்ட சமாதி இரிக்கிற இடம். அவர் விஞ்ஞானப் பட்டதாரி. 1947ல வந்த அவர்ட 'யாழ் நூல்' நரம்பையும் சுரத்தையும் கணக்கோட ஆராயுது. ரெண்டு பக்கமும் கட்டின நரம்பில அரை அலை ஒண்டு நிக்கும், ரெண்டு நிக்கும், மூணு நிக்கும், ரெண்டரை நிக்காது. 1924ல பிரெஞ்சு விஞ்ஞானி டி புரோக்லி இலத்திரனுக்கும் அலை இரிக்கெண்டார், அணுவுக்குள்ள அடைபட்ட அந்த அலைக்கும் இதே மாதிரிக் கட்டுப்பாடுதான், அதனால சக்தி மட்டம் ஒண்டு, ரெண்டு, மூணு எண்டு படிப்படியா வருது, இடையில நிக்க ஏலாது. அந்த ஒண்டு, ரெண்டு, மூணுதான் சொட்டெண், யாழ் நரம்பை விளங்கின ஆளுக்கு அது புதுசில்ல.

இங்கிலீஷ் கஷ்டமெண்டு விட்டுராதீங்க. பென்சிலால ஓரத்தில எழுதிக்கொண்டு போங்க: இலத்திரன், துணிக்கை, அலைநீளம், மீடிறன், எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச சொல்லுகள்தான். ஃபைன்மன்ட ரெண்டாவது விரிவுரையை ஒரு நாளைக்கு நாலு பக்கம், அம்பை நீங்களே கொப்பியில கீறிக் கீறி வாசிங்க. எனக்கு மூணு கிழமை போச்சு. முதல் பக்கத்தில குவாண்டம் எண்ட சொல்லுக்கு மேல நான் சின்னதா எழுதி வெச்சிரிக்கிறது, சொட்டு.