நாலு டிராக் டேங்க் ஏன் தயாரிப்புக்கு வரல? – நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. உட்லண்ட்ஸ்லேருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். “அண்ணே, சோவியத்காரங்க நாலு டிராக் வச்சு, பறக்கும் தட்டு மாதிரி ஒரு டேங்க் செஞ்சாங்கன்னு ஒரு குட்டி வீடியோல பாத்தேன். அது ஓடவே இல்லையா? ஏன் தயாரிக்கல? அதைவிடக் கிறுக்குத்தனமா வேற யாராச்சும் செஞ்சிருக்காங்களா?” இதான் கேள்வி. டிராக்னா, டேங்கோட சக்கரங்களைச் சுத்தி ஓடுற இரும்புப் பட்டை.

தம்பி, நீங்க சொல்றது ஆப்ஜெக்ட் 279ங்கிற சோதனை டேங்க். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அது ஓடுச்சு. நல்லாவே ஓடுச்சு. இந்தக் குட்டி வீடியோக்காரங்க எல்லாத்தையும் “படுதோல்வி”ன்னு தலைப்பு போட்டு வித்துடறாங்க, அதான் பிரச்சினை.

1959ல லெனின்கிராட்ல, த்ரோயானவ்னு ஒரு வடிவமைப்பாளர் தலைமையில செஞ்சது. எடை 60 டன், 1000 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், 130 மில்லிமீட்டர் பீரங்கி. வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் வாக்குல. அந்தக் காலத்து 60 டன் வண்டிக்கு அது சாதாரண வேகம் இல்ல.

அந்த வட்டமான உடம்பு எதுக்குன்னா, அணுகுண்டு பயம். அப்போ சோவியத், மேற்கு நாடுகள்னு ரெண்டு பக்கமும் “அடுத்த போர்ல அணு ஆயுதம் வெடிக்கும், அதுக்கு நடுவுலதான் டேங்க் ஓட்டணும்”னு நம்பித்தான் திட்டம் போட்டாங்க. குண்டு வெடிச்சா வர்ற அதிர்வலை டேங்கையே கவுத்துடும். அதனால காத்து பிடிக்காத மாதிரி ஓரத்தை எல்லாம் சரிச்சு வழிச்சுட்டாங்க. கூடவே, கவசத்தைத் துளைக்கிற குண்டு உள்ளே வர்றதுக்கு முன்னாடியே வெடிச்சுப் போகட்டும்னு சுத்தி ஒரு மெல்லிசு தகடும் உண்டு.

நாலு டிராக் சேத்துக்கும் பனிக்கும். எடை பரவி விழுறதால தரைமேல அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 0.6 கிலோதான். அதே காலத்து சோவியத் டேங்க் டி-55 வெறும் 36 டன், அதுவே 0.8 கிலோ வாக்குல அழுத்தும். கணக்கைப் பாருங்க, ஒன்றரை மடங்குக்கும் மேல கனமான வண்டி, ஆனா தரையில லேசா நிக்குது. சதுப்பு நிலத்துல வயித்துல தட்டி நிக்காது.

அப்புறம் ஏன் வேணாம்னாங்க? இங்கதான் சிங்கப்பூர் ராணுவத்தோட டேங்க் பிரிவான ஆர்மர்ல என்எஸ் (தேசிய சேவை) செஞ்சவங்களுக்கு உடனே ஒரு விஷயம் தோணும். நான் ஆர்மரோட சுங்கை கெடோங் கேம்ப்ல இருந்தவன். மழை பெஞ்ச மறுநாள், செம்மண் சேத்துக்குள்ள டிராக் கழண்டா என்ன ஆகும்னு அங்க இருந்தவங்களைக் கேளுங்க. வண்டியில இருக்கிற அத்தனை பேரும் கீழ இறங்கணும், கடப்பாரை, சம்மட்டி, மேல நின்னு கத்துற சார்ஜன்ட். அதுவே வெளிப்பக்கத்து டிராக், கை எட்டுற இடம். ஆப்ஜெக்ட் 279ல ரெண்டு டிராக் வெளியே, ரெண்டு டிராக் வயித்துக்கு அடியில உள்பக்கமா ஓடுது. அந்த உள் டிராக் போர்க்களத்துல கழண்டா யார் போய் மாட்டறது? 60 டன்னைத் தூக்கிப் பிடிக்க யார் வர்றது? திருப்பும்போது நாலு டிராக்கும் தரையை இழுத்துப் பிடிக்கும், சக்தி வீணாகும். செய்யவும் செலவு, பழுது பார்க்கவும் சிக்கல்.

இதெல்லாம் இருந்தாலும் இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா அப்போ சோவியத் தலைவரா இருந்த குருஷேவுக்கு ஏவுகணை மேலதான் ஆசை. 1960ல, 37 டன்னுக்கு மேல புது டேங்க் எதையும் ராணுவத்துல சேர்க்க வேணாம்னு உத்தரவு வந்துடுச்சு. கனரக டேங்க் திட்டம் எல்லாம் அத்தோட முடிஞ்சுது. செஞ்சு வச்ச ஆப்ஜெக்ட் 279 ஒண்ணு மாஸ்கோ பக்கத்துல குபின்கா அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேந்துது.

ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரங்க செஞ்ச மவுஸ் டேங்க் பத்தியும் நிறைய பேர் கேக்கறீங்க. சுருக்கமா சொல்றேன். 188 டன், அதாவது நம்ம சிங்கப்பூர் ராணுவத்தோட லெப்பர்ட் டேங்க் மூணு சேத்த எடை. பாலம் எதுவும் தாங்காது, அதனால ஆத்துக்குள்ளயே இறங்கிப் போகணும், கரையில நிக்கிற இன்னொரு மவுஸ் கேபிள் வழியா அதுக்கு மின்சாரம் கொடுக்கணும். அவ்வளவுதான், மேல பேச ஒண்ணுமில்ல.

கிறுக்குத்தனம்னு கேட்டீங்களே, என் ஓட்டு பிரிட்டனோட பாஞ்சாண்ட்ரமுக்கு. 1943. பிரான்ஸ் கடற்கரையில ஜெர்மன்காரங்க கட்டின கான்கிரீட் சுவரை உடைக்கணும். இவங்க யோசனை, பத்தடி உயரத்துல ரெண்டு சக்கரம், நடுவுல ஒரு டன்னுக்கு மேல வெடிமருந்து, சக்கரத்தைச் சுத்தி ராக்கெட். பத்த வச்சா தானா உருண்டு போய் சுவத்துல மோதி வெடிக்கும். ஓட்டுறதுக்கு ஆள் கிடையாது. ஒரு பக்கத்து ராக்கெட் ரெண்டு அணைஞ்சா போதும், வண்டி திரும்பிடும். இத்தனைக்கும் ரகசியத் திட்டம், ஆனா சோதனை பண்ணினது டெவன்ல வெஸ்ட்வர்ட் ஹோ கடற்கரையில, குளிக்க வந்த ஜனம் வேடிக்கை பாக்க! வெடிமருந்துக்குப் பதிலா மணல் ஏத்தினாங்க, நல்ல வேளை. 1944 ஜனவரி சோதனையில ராக்கெட்டெல்லாம் பிச்சுக்கிட்டுப் பறந்து, வண்டி படம் பிடிச்சவர் பக்கமாவே பாஞ்சுது. அதோட கைவிட்டாங்க.

அதுக்கும் முன்னாடி ரஷ்யாவோட ஜார் டேங்க் இருக்கு. லெபெதென்கோவோட யோசனை. 1915ல மாஸ்கோவுக்கு வடக்கே காட்டுல சோதனை. முன்னாடி ரெண்டு சக்கரம், ஒவ்வொண்ணும் 9 மீட்டர், நம்ம எச்டிபி அடுக்குமாடி பிளாக்ல மூணு மாடி உயரம். பின்னாடி மட்டும் குட்டி உருளை. பெரிய சக்கரம் மரத்தை எல்லாம் முறிச்சுது, குட்டி உருளை மண்ணுல புதைஞ்சுது. வெளியே எடுக்கவே முடியல, எட்டு வருஷம் அங்கேயே கிடந்து 1923ல இரும்புக்குப் போச்சு. ஆனா அதுல வேலை செஞ்ச இளைஞர்கள்ல ஒருத்தர் அலெக்சாண்டர் மிக்கூலின். பின்னாடி இல்-2 தாக்குதல் விமானத்துக்கு எஞ்சின் செஞ்சது அவர்தான். அந்த விமானம் 30,000க்கு மேல தயாரிச்சாங்க. அதைப் பத்தித் தனியா ஒரு வீடியோ போடறேன்.

சரி, அடுத்து தெம்பனிஸ்லேருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க…