ஒட்டக இனங்களும் அவற்றின் நிலங்களும்

(கொழும்பு, வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

ஒட்டகம் இந்தத் தீவின் விலங்கு அன்று. ஆயினும், ஒரு கால்நடையை எதைக் கொண்டு தனியினம் என்று வகுப்பது என்னும் கேள்வி மந்தை மேய்க்கும் எல்லா நாடுகளுக்கும் உரியது. அக்கேள்வி ஒட்டகத்திடம் மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது.

விலங்கியல் தரும் பகுப்பில் பெரிய சிக்கல் இல்லை. ஒற்றைத் திமில், இரட்டைத் திமில் ஒட்டகங்களுக்குச் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் பெயரிட்டார். சீனா, மொங்கோலியா ஆகிய நாடுகளின் கோபிப் பாலைவனப் பகுதிகளில் எஞ்சியுள்ள காட்டு ஒட்டகம் இவற்றிலிருந்து வேறான மூன்றாவது இனமென மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக ஒட்டகங்களில் நூற்றுக்கு 90க்கும் மேற்பட்டவை ஒற்றைத் திமிலுடையவை. மொரித்தானியாவிலிருந்து இராஜஸ்தான் வரையுள்ள வெம்மை நிலமெங்கும் அவை பரவியிருக்க, இரட்டைத் திமிலுடையவை மொங்கோலியா, கசகஸ்தான், லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கு போன்ற குளிர்நிலங்களில் வாழ்கின்றன.

வளர்ப்பினங்களுக்கு வரும்போதுதான் அளவுகோல்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. சவூதி அரேபியாவில் நிறமே பெயராகிறது: கருநிறத்தவை மஜாஹீம், வெண்ணிறத்தவை மகாத்தீர். இந்தியாவில் பிக்கானேரி, ஜெய்சல்மேரி, மேவாரி என்று பெரும்பாலும் ஊரும் நாடும் பெயராகின்றன. கென்யாவிலோ ரெண்டில்லே, துர்க்கானா என்று வளர்க்கும் மக்களின் பெயரே ஒட்டகத்துக்கும் வழங்குகிறது. 2016இல் வெளியான விரிவான மரபணு ஆய்வொன்று, கிழக்கு ஆபிரிக்க ஒட்டகங்கள் ஓரளவு விலகி நிற்பதைத் தவிர, ஒற்றைத் திமில் ஒட்டகங்களிடையே நிலவழி வேறுபாடு மிகக் குறைவென்று கண்டது. வணிகச் சாத்துகள் நூற்றாண்டுக் கணக்கில் அவற்றைக் கண்டத்துக்குக் கண்டம் நடத்திச் சென்று கலந்துவிட்டதே அதற்குக் காரணம். ஆதலால், வளர்ப்போரைக் கேளாமல் வரைபடத்தில் இன எல்லை கீறுவது பயனற்ற வேலை என்பது என் உறுதியான கருத்து.

குஜராத்தின் கச்சுக் கரையில் வாழும் காராய் ஒட்டகத்தைப் பாருங்கள். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் நாம் காண்கின்ற, உவர்நீரில் வளரும் கண்டற்காடுகளைப் போன்றவையே அதன் மேய்ச்சல் நிலம். வற்றுப்பெருக்குள்ள கழிகளில், கழுத்தை நீட்டித் தலையை மட்டும் நீருக்கு மேலே நிறுத்தி, மந்தையாக நீந்தித் தீவுகளை அடைந்து அது கண்டலிலை தின்னும். மழைக்காலத்தில் தீவுகளிலேயே தங்கி, தேங்கிய மழைநீரைக் குடிக்கும். பாலைக்கும் கடலுக்கும் ஒருசேரப் பழகிய இவ்வொட்டகத்தைப் பேணி வந்தவர்கள் ரபாரி, பக்கிராணி ஜாட் சமூகத்தினர். எந்தத் தீவுக்கு எந்தப் பருவத்தில் செல்லலாம், எப்போது வற்று வரும் என்னும் அறிவு அவர்களுடையது. அம்மக்களையும் கண்டலையும் நீக்கிவிட்டால், காராய் என்று வகுப்பதற்கு அதன் உடலமைப்பில் எஞ்சுவது சிறிதே.

2015இல் இந்தியா அதைத் தனது ஒன்பதாவது ஒட்டக வளர்ப்பினமாக ஏற்றுப் பதிவு செய்தது. ஆனால் அந்நாட்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 2012இல் ஏறத்தாழ 4 இலட்சமாக இருந்த ஒட்டகங்களின் தொகை 2019இல் இரண்டரை இலட்சமாகச் சரிந்தது. கச்சில் உப்பளங்களுக்கும் தொழிற்றுறைகளுக்கும் கண்டல்கள் அழிக்கப்படுகின்றன. அணைகட்டிய கழிகளில் கடல்நீர் ஏறாமற் போக, நின்ற மரங்களும் காய்கின்றன. இனத்தைப் பதிவேட்டில் ஏற்றிய அரசு, அந்தக் கழிகளைத் திறந்துவைக்கவும் கடமைப்பட்டது.