பிஸ்கட் டின்ல இருந்த மாத்திரை

எல்லாருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்குற சாட்ஸ்வொர்த்ல பொறந்து வளந்தவ, முப்பது வருஷத்துக்கு மேல நர்ஸ் வேல பாத்துட்டு இப்போ ரிடயர் ஆகி வீட்ல இருக்கேன். வீட்டுக்குள்ள உடம்பு விஷயத்த நாம எப்டி பேசிக்கிறோம், முக்கியமா எப்டி மறைக்கிறோம்னு பேசத்தான் வந்தேன். நம்ம டர்பன்ல தமிழ்ல ரேடியோ கேக்குறவங்கள்ல நெறைய பேரு ஆயா தாத்தாவா தான் இருப்பீங்க, எனக்கு சொல்ல வேண்டியதும் உங்ககிட்ட தான்.

எங்க அப்பாவுக்கு சுகர்னு தெரிஞ்சி ஆறு வருஷம் அம்மாகிட்ட சொல்லல. கராஜ்ல ஆணி போட்டு வச்சிருந்த பழைய பிஸ்கட் டின்ல, ஆணிக்கு அடில, மெட்ஃபார்மின் மாத்திரைய ப்ளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்சிருந்தார். காலைல காரைப் பாத்துட்டு வரேன்னு போவார், மாத்திரைய போட்டுட்டு வந்து அம்மா குடுக்குற மூணு ஸ்பூன் சக்கர போட்ட டீய குடிப்பார், வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்கல்ல. ஈஸ்டர் வந்தா மாரியம்மனுக்கு தீ மிதிக்கிறது அவரோட வேண்டுதல். ஒரு வருஷம் மிதிச்சிட்டு வந்து காலே வலிக்கல, எல்லாம் அம்மன் அருள்னு சொன்னார், நாங்களும் கையெடுத்துக் கும்பிட்டோம். பத்து நாள் கழிச்சி அம்மா தொவைக்க எடுத்த சாக்ஸ் அடிப்பக்கம் வெறச்சிப்போய் கெடந்துச்சு, மஞ்சக் கறை, நாத்தம். ஓடிப்போய் அவர் கால தூக்கிப் பாத்தா பெருவிரலுக்கு அடில குழி. சுகர் ரொம்ப நாள் கட்டுக்குள்ள இல்லன்னா கால் நரம்பு மரத்துப் போயிடும், சூடும் தெரியாது, முள்ளு குத்துனாலும் தெரியாது, ரத்த ஓட்டமும் கொறஞ்சிட்டா புண்ணும் லேசுல ஆறாது. ரெண்டு விரல எடுத்தாங்க. ஆஸ்பத்திரில அம்மா அவர் பக்கத்துல உக்காந்து, "முப்பத்தோரு வருஷம் எல்லாத்தையும் பங்கு போட்டு சாப்ட்டோம், இத மட்டும் ஏங்க தனியா சாப்ட்டீங்க"ன்னு கேட்டாங்க. அவர் சொன்னது, "உனக்கு எதுக்கு கவலைன்னு தான்மா."

நான் அப்போ நர்ஸ். அதே வீட்ல தான் இருந்தேன். எனக்கும் தெரியாது. இத இன்னிக்கு நெனச்சாலும் தொண்ட அடைக்கிது.

அம்மன் மேல எனக்கும் பக்தி இருக்கு, தீ மிதிக்காதீங்கன்னு சொல்ல வரல. சுகர் இருக்குறவங்க விரதம் எடுக்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கால காட்டுங்க, பூசாரிகிட்டயும் வீட்லயும் ஒரு வார்த்த சொல்லுங்க. காலுக்கு பதிலா வேற என்ன காணிக்க வைக்கலாம்னு கேட்டா கோயில்ல யாரும் கோச்சிக்க மாட்டாங்க.

கவலப்படுவாங்கன்னு பாசத்துல தான் மறைக்கிறோம், தெரியும். ஆனா நீங்க மறைக்கிற விஷயம் புள்ளைங்க உடம்புலயும் இருக்கு, அதான் பிரச்சன. அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு டைப் 2 சுகர் இருந்தா புள்ளைக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட ரெண்டு மூணு மடங்கு அதிகம். கிளினிக்ல "குடும்பத்துல யாருக்காவது இருக்கா"ன்னு கேப்போம், முப்பத்தஞ்சு வயசுப் பையன் "இல்ல சிஸ்டர்"னு சொல்லுவான், அவங்க அம்மா போன வாரம் தான் எங்ககிட்ட மாத்திர வாங்கிட்டுப் போயிருப்பாங்க. என்னால வாயத் தொறக்க முடியாது, நோயாளி விஷயத்த வெளிய சொல்லக்கூடாதுன்னு 2003 தேசிய சுகாதாரச் சட்டத்துலயே இருக்கு. நாங்க சொல்ல முடியாதத நீங்க தான் சொல்லணும்.

மருமகளுங்களுக்கும் இது நடக்குது. மாசமா இருக்கும்போது சுகர் வந்துச்சுன்னு மாமியார்கிட்ட சொல்ல மாட்டாங்க, நோய்க்காரப் பொண்ணுன்னு பேரு வந்துடும்னு பயம். கொழந்த பொறந்ததும் சுகர் எறங்கிடும், எல்லாரும் மறந்துடுவாங்க. அந்தப் பொண்ணுக்கு பின்னாடி டைப் 2 வர்ற ஆபத்து ரொம்ப அதிகம், பிரசவத்துக்கு அப்புறமும் விடாம டெஸ்ட் எடுத்துக்கிட்டே இருக்கணும். மாமியார் தெரிஞ்சி வச்சிருந்தா, "டெஸ்ட்டுக்குப் போனியாம்மா"ன்னு ஞாபகப்படுத்த வீட்ல ஒரு ஆள் கெடச்சா மாதிரி.

இப்போ புருஷன் பொண்டாட்டி விஷயம், ரேடியோல பேசலாமான்னு யோசிச்சேன், பேசித்தான் ஆகணும். சுகர் ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்குறதால ஆம்பளைங்க நெறைய பேருக்கு படுக்கைல கஷ்டம் வரும். அவர் வெக்கப்பட்டு வேற ரூம்ல போய்ப் படுப்பார், அந்தம்மா மனசுக்குள்ள இவருக்கு வேற யாரோ இருக்காங்கன்னு முடிவு பண்ணி அழுதுக்கிட்டு இருப்பாங்க, இப்டியே வருஷக்கணக்குல ஓடுன வீடுங்க எனக்குத் தெரியும். சில பேரு டாக்டர்கிட்டயும் சொல்லாம கூட்டாளிகிட்ட வயாகரா மாதிரி மாத்திர வாங்கிப் போட்டுக்குறாங்க, அது ரொம்ப ஆபத்து, நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடில வைக்கிற நைட்ரேட் மாத்திரையும் இதுவும் சேந்தா பிரஷர் திடீர்னு எறங்கி உயிரே போகலாம். இந்தப் பிரச்சன இதய நோய்க்கு முன்கூட்டி வர்ற எச்சரிக்கையாவும் இருக்கலாம், அதனால டாக்டர்கிட்ட ஒருமுறையாவது ரெண்டு பேரும் சேந்து போங்க.

புரட்டாசி விரதத்த பத்தியும் ஒரு வார்த்த. இன்சுலின் போடுறவங்க, சில வகை மாத்திர போடுறவங்க சாப்பாட தள்ளிப்போட்டா சுகர் நம்ம ஊரு மீட்டர் அளவுல (mmol/L) 4க்குக் கீழ எறங்கிடும், வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு கொழறும், வீட்ல இருக்குறவங்களுக்கு சுகர் இருக்குறதே தெரியலன்னா குடிச்சிருக்கார்னு நெனச்சி படுக்க வச்சிடுவாங்க. முழிச்சிருந்து விழுங்க முடிஞ்சா உடனே அர டம்ளர் ஜூஸோ சக்கரத் தண்ணியோ குடுங்க, 15 நிமிஷம் கழிச்சி திரும்பப் பாருங்க. மயங்கிட்டா வாய்ல எதையும் ஊத்தாதீங்க, 10177க்கு போன் பண்ணி ஆம்புலன்ஸ கூப்புடுங்க.

எப்டி ஆரம்பிக்கிறதுன்னு கேப்பீங்க. எல்லாரையும் உக்கார வச்சி சொன்னா புள்ளைங்க பயந்துடுவாங்க. கார்ல போகும்போது சொல்லுங்க, ரெண்டு பேரும் ரோட்ட பாத்துக்கிட்டு இருப்பீங்க, வார்த்த லேசா வரும். பேரப்புள்ளைக்கு தமிழ் புரியலன்னா "ஐ காட் சுகர்"னு மூணு வார்த்த போதும். ஆனா டாக்டர் பேசுறத ஆயாவுக்கு எடுத்துச் சொல்ல பத்து வயசுப் புள்ளைய கூட்டிட்டுப் போகாதீங்க. ஒரு பாட்டிக்கு கர்ப்பப்பைல கட்டின்னு டாக்டர் சொன்னத அந்தக் கொழந்த வெக்கத்துல "வயித்து வலி ஆயா"ன்னு மாத்திச் சொன்னத நான் பக்கத்துல நின்னு கேட்டேன், மெதுவா புள்ளைய வெளிய அனுப்பிட்டு எனக்குத் தெரிஞ்ச தமிழ்ல நானே சொன்னேன். பாட்டி என் கைய விடவே இல்ல.

எனக்கும் சுகர் வந்து நாலு வருஷம் ஆச்சு. அப்பாவோட டின் இப்போ எங்க வீட்டு சாப்பாட்டு மேசைல உப்பு ஜாடிக்குப் பக்கத்துல இருக்கு, மூடி இல்லாம. போன ஞாயித்துக்கிழம எம் மகன் டால் ஊத்திக்கிட்டே, "அம்மா, இன்னிக்குக் காலைல எவ்ளோ?"ன்னு கேட்டான். 6.8ன்னு சொன்னேன். "எனக்கு 5.9, நானும் பாத்துட்டேன்"னான்.

வணக்கம்.